மஞ்சள் நெருப்பு

வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலரின் சின்னக் கண்ணாடியில் வழக்கமாகத் தண்ணீரின் சூடு இலக்கமாக நிற்கும். அன்று பிற்பகல் கிருபாமலர் அகப்பையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தபோது அதில் எஃப் ஐந்து என்று மின்னிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவள் அழுத்தி அழுத்தி அழித்துவிட்டதுதான். பொத்தானை அழுத்தினால் உள்ளே டிக் டிக்கென்று எதுவோ தட்டும், புஸ்ஸென்று நெருப்புப் பிடிக்கும், பொயிலர் உறுமத் தொடங்கும், அவளும் தாச்சிக்குத் திரும்புவாள். கொஞ்ச நேரத்தில் உறுமல் அறுந்துபோகும். பார்த்தால் மறுபடியும் அதே எஃப் ஐந்து. இந்தத் தடவை அவளை நிற்கவைத்தது அந்த இலக்கமல்ல. பொயிலர் நின்ற பிறகும் அதன் முதுகுப் பக்கத்தில், சுவருக்கும் தகரத்துக்கும் இடையில், ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஃபானின் சத்தமாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

ஃபான் என்றால் சாதாரண ஃபான் அல்ல. டென்மார்க்கில், அவர்கள் குடியிருந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரில், மூடிப்போன ஒரு கிரில் கடையிலிருந்து அவள் புருஷன் ஆனந்தராஜா தூக்கிவந்து, தானே சுவரை உடைத்து, தானே பூட்டிய ராட்சதச் சாமான். அவர் இறைச்சித் தொழிற்சாலையிலும் அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையிலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய செங்கல் வீடு அது. பின்கதவோரம் ஓர் அறை. டெனிஸ்காரர் அதை ப்ரூகர்ஸ் என்பார்கள். சப்பாத்துக் கழற்றவும் உடுப்புத் தோய்க்கவும் பொயிலரை மாட்டிவைக்கவும் வைத்திருப்பார்கள். நம்மவர் வீடுகளில் அதுதான் இரண்டாவது குசினி. முன்பக்கத்து வெள்ளைக் குசினி வருகிறவர்களுக்குக் காட்ட; மிளகாய் வறுப்பதும் மீன் பொரிப்பதும் இங்கேதான், காஸ் சிலிண்டரில் ஒரு பெரிய அடுப்பு வைத்து. மணம் போகத்தான் அந்த ஃபான். அதைப் போட்டால் வீட்டுக் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும், அவ்வளவு இழுவை.

அதே அறையில், பொயிலருக்குக் கீழே நிலத்தோடு ஒரு சல்லடை இருந்தது. வீட்டைக் கட்டிய டெனிஸ்காரன் பொயிலர் எரியக் காற்று வரட்டும் என்று வைத்தது. அதால் குளிர் வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மணம் போகிறது என்று ஆனந்தராஜா ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகைத் துண்டொன்றை வெட்டித் திணித்து மேலே ஒட்டுநாடாவும் ஒட்டிவிட்டார். காற்றை வெளியே இழுக்க ஒரு ராட்சதன். உள்ளே வர ஊசித்துளை இல்லை. அந்தப் பெட்டிக்கும் மூச்சு வேண்டுமே என்று யோசிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

இலக்கங்களைப் பற்றி அவருக்குப் பெரிய எண்ணம். எஃப் ஒன்று வந்தால் தண்ணீர் குறைவு, குழாயைத் திறந்து விட்டால் சரி. எஃப் இரண்டு வந்தால் நெருப்புப் பிடிக்கவில்லை, ஒருதரம் அழுத்தினால் சரி. இந்த இரண்டையும் சேவிஸ்காரன் இல்லாமல் தானே திருத்திய கதையை எந்தப் பிறந்தநாள் விழாவிலும் சொல்லாமல் விட்டதில்லை. எஃப் ஐந்து வந்தபோதும் அதே தோரணைதான். ஒன்றுமில்லை, அழுத்திவிடு என்றார். அடிக்கடி வரத் தொடங்கியதும் மூடியைக் கழற்றிப் பார்த்தார். புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் இரண்டு வயரோடு சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று இருந்தது. அதுதான் சூடுபட்டு அலறுகிறது என்று கண்டுபிடித்து, சூடு படாத பக்கமாக அதை வளைத்துவிட்டார்; அதன்பின் எஃப் ஐந்து வரக் கூடுதல் நேரம் பிடித்தது. அலறுகிறவனின் வாயைப் பொத்திய கெட்டித்தனம்! சேவிஸ்காரனைக் கூப்பிடுவோம் என்று கிருபாமலர் ஒருநாள் வாயெடுத்தாள்.

"அவன் வந்தால் முதல்ல ஃபானைப் பாப்பான். பிறகு அடுப்பைப் பாப்பான். பிறகு நகரசபைக்கு எழுதுவான். இருக்கிற பிரச்சினை காணாதே உமக்கு?" என்றார் ஆனந்தராஜா.

இருக்கிற பிரச்சினை என்று அவர் சொன்னது வன்னியை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம். சண்டை ஒரு கடற்கரைத் துண்டுக்குள் ஒடுங்கி, அந்தத் துண்டுக்குள் சனம் நெருங்கிக் கிடந்த நாட்கள். டென்மார்க்கின் ஊர்களிலிருந்தெல்லாம் கோப்பன்ஹேகனுக்கு பஸ் போனது. ஆண்களும் பிள்ளைகளும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் பஸ்ஸுக்குச் சோற்றுப் பார்சல் கட்டினார்கள். ஹொல்ஸ்டெப்ரோ பஸ்ஸுக்குக் கட்டுவது கிருபாமலர். விடிந்தால் அரிசி, பொழுதுபட்டால் கத்தரிக்காய். ஃபான் ஓயவில்லை. அன்று காலை ஆனந்தராஜாவும் பஸ்ஸில் போயிருந்தார். அவள் போகவில்லை. அவள் எங்கும் போவதில்லை. தேவாலயத்துக்கும் இல்லை, வேலைக்கும் இல்லை. அவள் போனடியில் இருக்கவேண்டும்.

அவளுடைய ஒரே தங்கச்சி தங்கமலர் அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் இருந்தாள், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. போன கிழமை யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்து வந்து அறுந்தது.

"அக்கா, பங்கருக்க இருக்கிறம். சனம் கொஞ்சம் தண்ணிப் பக்கத்தால வெளிக்கிடுது. நான் பிள்ளையளோட போறதோ, இருக்கிறதோ? இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்ல. உங்களுக்குத்தானே நியூஸ் எல்லாம் தெரியும்."

"விசாரிச்சு வைக்கிறன். நீ திருப்பி எடு தங்கம்" என்று மட்டும்தான் இவளுக்குச் சொல்ல வந்தது. சண்டையின் நடுவில் இருக்கிறவள், ஹொல்ஸ்டெப்ரோவில் கத்தரிக்காய் வெட்டுகிறவளிடம் வழி கேட்டாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

ஆனாலும் விசாரித்தாள். தெரிந்தவர் தெரியாதவரையெல்லாம் கேட்டாள். நேற்று ஹோர்சன்ஸ் ஊரிலிருந்து பழைய சிநேகிதி மேரிசெலின் போன் எடுத்தாள். மேரிசெலினின் தம்பி தண்ணீர்ப் பக்கத்தால் கடந்து உயிரோடு முகாமுக்கு வந்துவிட்டானாம். வெளியே வந்தவர்கள்தான் தப்புகிறார்கள், பங்கருக்குள் இருந்தவர்கள் இருந்தபடியே போய்விட்டார்கள் என்று சொன்னானாம். ஆகவே பதில் கிடைத்துவிட்டது. வெளியே வா. அந்த இரண்டு சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு கிருபாமலர் காத்திருந்தாள். தங்கமலருக்கு மனப்பாடமாக இருந்த வெளிநாட்டு நம்பர் ஒன்றே ஒன்று: இந்த வீட்டின் முன்வாசல் நடையில், வயரோடு சுவரில் கட்டுண்டு கிடக்கும் பழைய போன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் நவோமி, தலையிடிக்கிறது என்று டெனிஸில் முணுமுணுத்துக்கொண்டு சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் தன் அறைக்குப் போனாள். தாய் தமிழில் கேட்டால் மகள் டெனிஸில் பதில் சொல்வது அந்த வீட்டு வழக்கம். தனக்கும் தலையிடிதான் என்றாள் கிருபாமலர். தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல் அவளுக்கும் கிழமைக் கணக்காக இடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் தலையிடி இல்லாத தமிழர் ஹொல்ஸ்டெப்ரோவில் இல்லை, அழுத தலைகள். அப்படித்தான் நினைத்தாள். மாத்திரை ஒன்று கொடுத்துப் படுக்கச் சொன்னாள்.

அடுத்த ஈடு கத்தரிக்காயைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ப்ரூகர்ஸ் யன்னல் கண்ணாடி வேர்த்திருந்ததைக் கண்டாள். சோற்றாவி என்று நினைத்தாள். போனடியை ஒருதரம் பார்த்து வருவோம் என்று நடைக்கு வந்தால், அங்கேயும் வாசலோரத்து யன்னல் கண்ணாடி முழுக்க ஆவி பூத்து, தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இருப்பறைக் கண்ணாடியிலும் அப்படியே. ஒரு பானையும் கொதிக்காத அறைகள். கறி மணத்துக்குக் கீழே இன்னொரு மணம் வீடெங்கும் படிந்திருந்தது, வெதுவெதுப்பாக, பூஞ்சணமாக, நனைந்த சாக்கும் கழுவாத தலைமயிரும் குழந்தைப்பிள்ளையின் மூத்திரத் துணியும் ஒன்றாகக் கலந்த மணம். இடம்பெயர்ந்த நாட்களில் கோயில் மண்டபத்துக்குள் சனத்தோடு சனமாக அடைபட்டுக் கிடந்தவளுக்கு அது தெரியாத மணமல்ல. இங்கே, ஆளில்லாத நடைக்குள், அது எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே வடக்கத்தி மே மாதத்து வெயில் இன்னும் சாயாமல் நின்றது. எதிர்வீட்டுக்காரன் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெண் நாயை நடத்திக்கொண்டு போனாள். இவ்வளவு வெளிச்சத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தன்மேலேயே வெட்கம் வந்தது. அப்போது துடைத்த இடம் மறுபடி மங்கியது. ஓரத்திலிருந்து அல்ல. கீழே, அவளுடைய இடுப்பளவில், காசளவு வட்டமாக ஒன்று மங்கியது. சுருங்கியது. மறுபடி மங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே, இன்னொன்று.

கண்ணாடியோடு வாயை வைத்து இரண்டு சின்னப் பிள்ளைகள் வெளியே பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அவள் கையை நீட்டினாள். ஏன் நீட்டினாளோ. புறங்கையில் சூடாக, ஈரமாக, மூச்சுப் பட்டது.

"இயேசுவே" என்றாள். வட்டங்கள் இரண்டும் அப்படியே நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவர்களைப் போல.

பின்னால் பொயிலரின் உறுமல் அறுந்தது. வீடு அமைதியாகவில்லை. ஃபானின் இரைச்சலுக்கு அடியில், நடை முழுக்க, சுவரோரமெல்லாம், பலபேர் மெல்ல மூச்சு விடும் சத்தம். ஒருவர் இருமலை அடக்கினார்.

அவள் ப்ரூகர்ஸுக்கு ஓடினாள். ஓடினாளென்றுதான் நினைத்தாள், கால்கள் சேற்றுக்குள் நடப்பதுபோலத்தான் வந்தன. அடுப்பை நிறுத்தினாள். பழக்கதோஷம், கை தானாகப் பொயிலர் பொத்தானை அழுத்தியது. டிக் டிக். புஸ். முதன்முறையாகக் குனிந்து, நெருப்புத் தெரியும் துவாரத்துக்குள் பார்த்தாள். நெருப்பு நீலமாகச் சின்னச் சின்னப் பற்களாக நிற்கவேண்டியது. மஞ்சளாக, நீளமாக, சோம்பலாக நாக்கை நீட்டி நீட்டி வெளியே நக்கிக்கொண்டிருந்தது. மேல்தகரத்தில் கரி ஏறியிருந்தது. புகைக்குழாயின் பக்கத்தில் கையை வைத்தால் சூட்டுக் காற்று மேலே போகவில்லை. கீழே, அவள் முகத்துக்கு, வந்தது.

முன்மூடியைத் திறந்தாள். உட்புறத்தில் மங்கிய ஸ்ரிக்கர். இத்தனை வருஷமும் ஆனந்தராஜா மட்டும் வாசித்தது. அவரும் முதல் இரண்டு வரியோடு நிறுத்தியது. எஃப் ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தது. எஃப் ஐந்துக்கு நேரே எழுத்துத் தடிப்பாக இருந்தது. புகை வீட்டுக்குள் திரும்புகிறது. அழுத்தவேண்டாம். நிறுத்து. சேவிஸைக் கூப்பிடு. கீழே ஒரு நம்பர்.

வீட்டுப் போனில் பேசினால், அந்த நேரம் பார்த்துத் தங்கமலர் எடுத்து, லைன் கிடைக்காமல் போய்விட்டால்? பின்கதவோரம் கிடந்த நவோமியின் புத்தகப்பையைக் கிளறி அவளுடைய மொபைலை எடுத்து அடித்தாள். மேற்கு யூலண்டுக்காரரின் இழுத்த பேச்சோடு ஒருவன் வந்தான். ஆறுதலாகத்தான் தொடங்கினான். என்ன இலக்கம், எவ்வளவு நாளாக, எத்தனை தரம் அழுத்தினீர்கள். அவள் வேலைத்தலத்து டெனிஸில் சொல்லச் சொல்ல அவனுடைய ஆறுதல் குறைந்துகொண்டே வந்தது.

"நெருப்பு நீலமா, மஞ்சளா?"

"மஞ்சள்."

"வீட்டில் யாருக்காவது தலையிடி இருக்கிறதா?"

அவள் நவோமியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கேளுங்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு இப்போதே வெளியே போங்கள். அது காபன் மொனொக்சைட், நச்சுவாயு, அதற்கு மணமில்லை, நிறமில்லை. முதலில் காலைப் பிடிக்கும், பிறகு புத்தியைப் பிடிக்கும். இல்லாததெல்லாம் கேட்கும். நான் தீயணைப்புக்காரரை அனுப்புகிறேன். திரும்ப உள்ளே போகவேண்டாம்."

தனக்கு ஒரு போன் கோல் வரவேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. வெளியே, வெளியே என்றே திருப்பித் திருப்பிச் சொன்னான். சரி சரி என்று வைத்தாள். பொயிலரின் சுவிட்சைத் திருப்பினாள். உறுமல் நின்றது.

கேட்கிறதெல்லாம் இல்லாதது. அப்பாடா! அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கரிப்புகை. தலைக்குள் ஏறிய கரிப்புகை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. ஏதோ அந்த டெனிஸ்காரன் பிசாசை ஓட்டிவிட்டான் என்கிற மாதிரி.

நடைக்கு வந்தாள். இடதுபக்கம் நவோமியின் அறை. வலதுபக்கம் போன். அங்கேதான், அந்த இரண்டுக்கும் நடுவில்தான், அவள் நின்றாள். ஒரு கொஞ்சம் பொறுப்போம் என்று தோன்றியது. எத்தனை நாள் காத்திருந்தது! இப்போது வெளியே போய், இந்த நேரம் பார்த்து அவள் எடுத்து, ஒருவரும் தூக்காமல் விட்டால்? தங்கச்சி என்ன நினைப்பாள்? எந்தப் பக்கம் போவாள்? ஒரு கொஞ்ச நேரம். போனடிக் கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எவ்வளவு சுகமாக இருந்தது. கால்கள் இல்லாததுபோல. நித்திரை, தேன் வடிகிற மாதிரிக் கண்ணுக்குள் இறங்கியது. பக்கத்தில் யாரோ இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் உரசியது. நல்லது என்று நினைத்தாள். எல்லாரும் இருக்கிறார்கள். இங்கேயே இருப்போம்.

மடியில் ஒரு சின்னத் தலை வந்து சாய்ந்தது.

மயிருக்குள் மணல்.

"நவோமி!" என்று கத்தினாள். பதில் இல்லை. எழும்பினாள். விழுந்தாள். சுவரைப் பிடித்து எழும்பினாள். கையில் பட்டது சுவரல்ல. துணி. துணிக்குள் ஒரு முதுகு. நடை முழுக்க ஆட்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் நடை, கோட் மாட்டும் கொளுக்கிகள், சப்பாத்து அடுக்கு. ஆனால் இடிக்காமல் நகர முடியவில்லை. முழங்கால்கள். முழங்கைகள். ஒரு கிழவியின் எலும்புத் தோள். கால் வைக்க இடமில்லை. மிதித்தாள். யாரோ முனகினார்கள்.

நவோமி கட்டிலில் கிடந்தாள். சப்பாத்தோடு. கன்னம் இரண்டும் சிவந்து, பொம்மைக்குப் பூசின மாதிரி அழகாக இருந்தன. அந்தக் கன்னத்தில் கிருபாமலர் ஓங்கி அடித்தாள். எழும்பவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். கட்டிலால் இறக்கினாள். நிலத்தில் இழுத்தாள். கனம். என்ன கனம். தன் பிள்ளையின் கனம் அவளுக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தாள். நவோமியின் இரண்டு காலும் நேராக, விறைப்பாக நீண்டு நின்றன. சப்பாத்து நிலத்தில் முட்டவில்லை.

யாரோ பிடித்திருந்தார்கள்.

"விடுங்கோ" என்றாள். "என்ரை பிள்ளையை விடுங்கோ."

இழுத்தாள். விடவில்லை. கெட்ட வார்த்தையால் திட்டினாள். ஆயுளில் வாயில் எடுக்காத வார்த்தைகள். இழுத்தாள். ஒரு சப்பாத்து கழன்றது. இழுத்தாள். காதோடு காதாக, பாசமாக, தங்கமலரின் குரல். "கதவைத் திறக்காதை அக்கா. வெளிச்சம் தெரிஞ்சால் ஷெல் அடிப்பாங்கள்."

கதவைத் திறந்தாள்.

புல். குளிர்காற்று. வெயில். நவோமி புல்லில் கவிழ்ந்து சத்தி எடுத்தாள். இருமினாள். மூச்சு வந்தது. கிருபாமலர் மண்ணில் குந்தியிருந்து மகளின் முதுகைத் தடவித் தடவி அழுதாள். எதிர்வீட்டுக்காரன் இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

சைரன் சத்தத்தோடு தீயணைப்புக்காரர் வந்தார்கள். வெளிச்சுவர்ப் பெட்டிக்குள் காஸை மூடினார்கள். நவோமியின் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் போட்டு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வாள், நேரத்தோடு இழுத்து வந்துவிட்டீர்கள் என்றார்கள். பொன்னிறத் தாடிக்காரன் ஒருவன் கிருபாமலருக்குப் பக்கத்தில் குந்தி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். இரண்டு பேர் என்றாள். இரண்டு பேரும் இதோ இருக்கிறோம். வேறு யாரும்? இல்லை. ஒருவருமில்லை. அவள் எழும்பப் பார்த்தாள். போன் உள்ளே இருக்கிறது, ஒரேயொரு கோல், மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வருகிறேன் என்று கெஞ்சினாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் பொறுங்கள், மாஸ்க் போட்டவர்கள் போய்க் கதவு யன்னலெல்லாம் திறந்துவிடட்டும் என்றான்.

கதவு. அவள் அகலத் திறந்து போட்டு வந்த முன்கதவு சாத்தியிருந்தது. மாஸ்க்கோடு போனவன் அதைத் தள்ளினான். தோளால் இடித்தான். திரும்பிப் பார்த்துக் கையை விரித்தான். மற்றவன் கோடரி எடுக்க வண்டிக்கு ஓடினான்.

தாடிக்காரனின் பிடி அவள் கையில் இறுகியது. அவன் அவளைப் பார்க்கவில்லை. நடையோரத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருவருமில்லை என்றீர்களே" என்றான். "யார் அவர்கள்?"

ஆவி மூடிய கண்ணாடியை உள்ளேயிருந்து கைகள் துடைத்துக்கொண்டிருந்தன. பெரிய கை. சின்னக் கை. கைக்கு மேல் கை.

அப்போது போன் அடித்தது.

நடைக்குள், கதவுக்கு அந்தப் பக்கம், அவள் கனவிலும் பிசகாமல் அறிந்த அந்த மணி. அவள் பாய்ந்தாள். தாடிக்காரன் இடுப்போடு பிடித்தான். கடித்தாள். விடவில்லை. மணி அடித்தது. "தங்கம்!" என்று கத்தினாள். "வாறன்! வைக்காதை! அக்கா வாறன்!" மணி அடித்தது.

நின்றது.

வைத்துவிடவில்லை. எடுத்துவிட்டார்கள். பாதி மணியில் ரிசீவர் தூக்கப்படும் சத்தம்.

பிறகு ஒரு பெண்குரல். களைத்த, அன்பான, கொஞ்சம் கரகரத்த குரல். கிருபாமலரின் குரல். அவளுடைய இழுப்பு, அவளுடைய மூக்குறிஞ்சல் எல்லாம் அப்படியே.

"ஓம் தங்கம், அக்காதான். எவ்வளவு நேரம் உன்ரை கோலுக்காக இருக்கிறன்."

புல்வெளியில் நின்ற கிருபாமலர் கத்தினாள். கத்துவதாகத்தான் நினைத்தாள்.

"ஓமோம், விசாரிச்சனான். எல்லாரையும் கேட்டனான். வெளிய வராதை. கேக்குதோ? ஒருத்தரையும் நம்பி வெளிய வராதை. பிள்ளையளை மடியில வைச்சுக்கொண்டு உள்ளுக்கயே இரு."

தாடிக்காரன் மெல்லப் பின்வாங்கினான். அவளையும் இழுத்துக்கொண்டு.

"அழாதை. நாங்கள் எல்லாரும் உள்ளுக்கதான் இருக்கிறம்."

ரிசீவரைப் பக்குவமாகத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டது. துடைத்த கண்ணாடியில் ஒரு முகம் வந்து நின்றது. அவளுடைய சட்டை, அவளுடைய கொண்டை, அவளுடைய முகம். வெளியே நிற்கிறவளை அடையாளம் தெரியாதவள்போல் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கையை உயர்த்தி, வீட்டுக்காரி பொழுதுபட்டால் செய்வதுபோலவே, திரைச்சீலையை இழுத்து மூடியது.